கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டின் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன். சேதமான சரக்குக்கு நஷ்டஈடு கேட்டு எழுதுவது என் வேலை. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தக் காகிதத்திலும் வெறும் கையெழுத்துப் போடுவதில்லை. மூட்டை நனைந்து வந்தால் ‘நனைந்த நிலையில் பெறப்பட்டது’ என்று எழுதி, அதன் கீழே கையெழுத்து. பிரித்துப் பார்க்க நேரமில்லை என்றால் ‘பிரித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்து. அந்த ஒரு வரி இல்லாவிட்டால், சரக்கு நல்லபடியாக வந்தது என்று நாமே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு தொண்டை வற்றக் கத்தினாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையன் நீட்டும் சீட்டில்கூட நான் ஏதாவது எழுதிவைப்பேன் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பழக்கத்தால் எனக்கு நன்மை உண்டானது. அதே வரியை இன்னொருவர் கேட்டபோது நான் சொல்லவில்லை. இப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

மட்டாஞ்சேரியில் மிளகும் அரிசியும் அடுக்கியிருக்கும் பண்டகசாலைகளுக்குப் பின்னால் எங்கள் சந்து. அதற்கு இரண்டு முனைகள். பஜார்ப் பக்கத்து முனையில் ஒரு பண்டகசாலையின் சுவர் துருத்திக்கொண்டிருக்கும். கைவண்டி மட்டும்தான் நுழையும். படகுத்துறைச் சாலைப் பக்கத்து முனை அகலம். அங்கிருந்து ஒரு டெம்போ தாராளமாக உள்ளே வரலாம், ஆனால் திரும்ப முடியாது; வந்த வழியே பின்னாலேயே போக வேண்டும். இதை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

என் வீட்டுக்கு அடுத்த வீடு சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுடையது. கணவர் கொத்தனார், அவள் சித்தாள். எர்ணாகுளம் முழுக்க அடுத்தவர்களுக்கு வீடு கட்டிவிட்டு, கடைசியில் தங்களுக்கென்று அந்த இடத்தை அவள் பேரில் வாங்கினார்கள். சுவரை அவரே எழுப்பினார். அவர் இறந்த பிறகு அவள் முன்னறையில் பெரிய கிரைண்டர்கள் இரண்டு போட்டு, சாயாக்கடைகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்தாள். பெண்ணைப் படிக்கவைத்தாள்.

எங்களுக்குள் சண்டை வந்தது மாவுத் தண்ணீரால். அரிசி கழுவிய தண்ணீர் என் வாசல் வழியாகத்தான் ஓடும். வெயில் ஏறினால் புளித்த வாடை. அதோடு, வாரம் ஒருநாள் அவளுக்கு அரிசி கொண்டுவரும் டெம்போ என் கேட்டை அடைத்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்கும். இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொல்லாமல், கைபேசியில் டெம்போவைப் படம் எடுத்து, அச்சுப்போட்டு, நகரசபைக்கு மனு எழுதினேன். எனக்கு எழுதத் தெரியுமே. தண்ணீருக்கு மூடிய சாக்கடை போடும்படி அவளுக்கு உத்தரவு வந்தது, போட்டாள். டெம்போவைப் பற்றி எனக்கு வந்த பதில்தான் பிடிக்கவில்லை. அந்தச் சந்து வாகனம் போகவர நகரசபை ஒதுக்கிய வழி என்றும், அதில் சரக்கு வண்டி வருவதைத் தடுக்க முடியாது என்றும் எழுதியிருந்தார்கள். கோபத்தில் அதை மனு நகலோடு சேர்த்துக் குத்தி, பழைய பைல் ஒன்றில் போட்டேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் அவளோடு பேசவில்லை.

பிறகு படகுத்துறைச் சாலையை அகலப்படுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. சாலையோரப் பண்டகசாலைகளின் உரிமையாளர்களுக்கு அவரவர் வக்கீல் இருந்தார். சந்துக்குள் சாலைக்காக எடுக்கப்பட்டது இரண்டே வீடு, என்னுடையதும் அவளுடையதும். அளக்க வந்தவர்கள் நல்ல மழையில், பஜார்ப் பக்கத்து முனை வழியாகக் குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நுழைந்தார்கள். அதனால் எங்கள் இரண்டு மனைகளுக்கும் ‘நடைவழி மட்டும்’ என்று குறித்துவிட்டார்கள். வண்டி வரும் மனைக்கு ஒரு மதிப்பு, நடந்து மட்டுமே வரக்கூடிய மனைக்கு வேறு மதிப்பு. எங்களுக்கு முடிவானது இரண்டாவது.

இழப்பீட்டுக்குக் கையெழுத்துப் போடக் காக்கநாட்டு நில எடுப்பு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவள் முன்னால் பெண்கள் இருக்கையில், நான் பின்னால். அலுவலகத்தில் என்னை முதலில் கூப்பிட்டார்கள். எழுத்தர் பதிவேட்டைத் திருப்பி வைத்து, பென்சிலால் போட்ட புள்ளியைக் காட்டினார். நான் கையெழுத்துக்கு மேலே மலையாளத்தில் எழுதினேன்: ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன், கூடுதல் கேட்கும் உரிமையை விடவில்லை.’

எழுத்தர் எட்டிப் பார்த்தார். “இதெந்தா சாரே, கதையோ?”

“கதையில்லை. ஒரு வரிதான்.”

“ஆயிக்கோட்டே” என்று, போகட்டும் என்பதுபோலப் பதிவேட்டை இழுத்துக்கொண்டார்.

அடுத்து அவள். பேனாவைக் கையில் வாங்கியவள் எழுதாமல் என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணாச்சி, மேல என்னமோ எழுதுனியளே. நானும் அத எழுதணுமா?”

ஆறு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நான் சொன்னேன்:

“அதொண்ணும் வேண்டாம். அது என் ஆபீஸ் பழக்கம். நீ சும்மா ஒப்பு வெச்சாப் போதும்.”

“சரி அண்ணாச்சி” என்று தமிழில் எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினாள்.

ஆட்சேபம் எழுதாமல் வாங்கிக்கொண்டவர் அந்தத் தொகைக்குச் சம்மதித்ததாகத்தான் பொருள். பிறகு வழக்குக்குப் போக முடியாது. எனக்கு அது தெரியும். அவள் கூடுதல் கேட்டால் எனக்குக் குறையப்போவதில்லை என்பதும் தெரியும். அப்படியென்றால் ஏன் சொன்னேன்? பல நாள் இதை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் அகப்படவில்லை. டெம்போவைத் தடுக்க முடியாது என்று வந்த கடிதம் மனதில் கிடந்தது. அவள் அறியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பதில் ஒரு சின்ன ருசி இருந்தது. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது கண்டக்டர் என்னிடம் வந்து, டிக்கெட் எடுத்தாயிற்று என்றார். முன்னாலிருந்து அவள் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். நான் பேசிவிட்டேன், சண்டை தீர்ந்தது என்று நினைத்துவிட்டாள்.

உரிய கெடுவுக்குள் நான் வக்கீல் மூலம் கூடுதல் இழப்பீட்டுக்கு விண்ணப்பம் போட்டேன். வீடுகளை இடித்தார்கள். அவள் கணவர் எழுப்பிய சுவர் இயந்திரத்தின் முதல் தள்ளலுக்கு அசையவில்லை. ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி வந்தார். அவள் கிரைண்டர்களை ஏற்றிக்கொண்டு பள்ளுருத்திக்கு வாடகைக்குப் போனாள். நாங்கள் மட்டாஞ்சேரியிலேயே ஒரு சிறிய பிளாட்டுக்கு மாறினோம்.

வழக்கில் கேள்வி ஒன்றே ஒன்று. சந்தில் வண்டி வருமா? வராது என்றது அரசுத் தரப்பு. அறிவிப்புக்கு முன்னாலேயே வண்டி வந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும் என்றார் என் வக்கீல். இடித்துத் தள்ளிய இடத்தில் இனி எதைக் காட்டுவது? இரண்டு நாள் பரணைக் குடைந்தேன். கிடைத்தது நான் நகரசபைக்கு எழுதிய மனு. பெற்றுக்கொண்ட முத்திரை, தேதி, அதோடு குத்திய படம், பின்னால் எனக்குப் பிடிக்காத அந்தப் பதில். படத்தில் என் கேட்டை மறைத்துக்கொண்டு டெம்போ நிற்கிறது. அவள் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் பின்னால் வா என்று ஓட்டுநருக்குக் கையசைக்கிறாள்.

வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, “இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தீர்கள்?” என்றார்.

அதை வைத்துத்தான் ஜெயித்தேன். ‘நடைவழி மட்டும்’ என்றது தவறு, வண்டி வரும் மனையாகவே மதிப்பிட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றப் படியிறங்கும்போது வக்கீல் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அதே அறிவிப்பில் நிலம் போனவர்கள் வேறு யாராவது இருந்தால், வழக்குப் போடாதவர்களாக இருந்தாலும், ஆட்சேபம் எழுதாதவர்களாக இருந்தாலும், இந்தத் தீர்ப்பைக் காட்டித் தங்களுக்கும் மறுமதிப்பீடு கேட்கலாம். தீர்ப்பு நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். “உங்கள் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிவிடுங்கள்” என்றார்.

நான் சொல்லவில்லை. ஒரு வாரம் மழை என்று இருந்தேன். பிறகு முழங்கால் வலி. பிறகு, விலாசம் தெரியாதே என்று. சொல்லப்போனால் முதலில் செய்ததைவிட இது மோசம். அது ஒரு நிமிடத்தில் வாயில் வந்தது. இது நாள்தோறும் காலையில் எழுந்து, தெரிந்தே செய்தது. பத்து வாரம் அப்படிப் போனது.

ஒருநாள் மனைவி இட்லித் தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள்: “உங்க கேஸ்ல ஜெயிச்ச மாதிரி அவளுக்கும் கூடக் கிடைக்குமோ இல்லையோ?”

கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. காக்கநாட்டில் நடந்ததைச் சொன்னேன், வக்கீல் சொன்னதையும் சொன்னேன். அவள் இட்லித் தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு, “சட்டை மாத்திண்டு கிளம்புங்கோ. நான் கூட வரமாட்டேன்” என்றாள்.

பள்ளுருத்தியில் பஸ்ஸை விட்டிறங்கி முதல் சாயாக்கடையில் மாவு யார் தருகிறார்கள் என்று கேட்டேன். மூன்றாவது கடையில் வழி சொன்னார்கள். கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கிரைண்டரைப் போட்டிருந்தாள். இரண்டு கிரைண்டரில் ஒன்றுதான் ஓடியது. மற்றொன்று சாக்குப் போர்த்தி மூலையில் நின்றது. இடம் போதவில்லையாம்.

“வாங்க அண்ணாச்சி. வழி தெரிஞ்சிருக்கே. உக்காருங்க, சாயா வாங்கியாரச் சொல்லுதேன். அக்கா நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்கா.”

“இப்ப மாவு எங்க வாங்குதாங்க?”

எனக்குப் புரியவில்லை. அவள் சிரித்தாள். “ஆறு வருசமும் என் மாவுலதான் இட்டிலி தின்னிய. அக்கா பின்வாசல் வழியா வாங்கிட்டுப் போவாங்க. உங்ககிட்ட முக்குக் கடைன்னு சொல்லியிருப்பாங்க.”

முக்குக் கடை என்றுதான் சொல்லியிருந்தாள். புளித்த வாடை என்று மனு எழுதிய அன்றும் நான் தின்றது அந்த மாவைத்தான்.

சாயா வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தொடங்கினேன். அந்த வரியின் அர்த்தம், வேண்டுமென்றே நான் சொன்ன பொய், தீர்ப்பு, படம், மூன்று மாதம், அதில் பத்து வாரத்தை நான் வீணாக்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததால் பாதியில் எழுந்துபோய் அதை நிறுத்திவிட்டு வந்து, “முதல்லேருந்து சொல்லுங்க” என்றாள். முதலிலிருந்து சொன்னேன்.

“வேணும்னுதான் சொன்னியளா?”

“ஆமா.”

“நான் அன்னைக்கு உங்களுக்கு டிக்கெட் எடுத்தேன்.”

“ஆமா.”

அவள் கைவிரல்களில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். “இந்தக் கொட்டகை மூணாவது இடம் அண்ணாச்சி. இதையும் இடிச்சுக் கடை கட்டப்போறானாம். குடுத்த காசுல இந்த ஊர்ல ஒரு மூலை கூட வாங்க முடியல. அவரு கட்டுன வீட்டுக்கு இவ்ளோதான் மதிப்புன்னு நானே என்னைச் சமாதானம் பண்ணிக்கிட்டேன்.” விரலைத் தட்டிவிட்டு, “உங்க கேஸு ஜெயிச்சது எந்தப் போட்டோவால?” என்றாள்.

“உன் அரிசி டெம்போவை நான் எடுத்த போட்டோ.”

“அந்த வண்டிக்காரன நீங்க பேசுன பேச்சு இருக்கே. இப்ப அவனுக்கு ஒரு மாலை வாங்கிப் போடுங்க.”

சிரிக்கிறாளா என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் மதியம் சாப்பிட வந்தாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்து மலையாளம். நான் வீட்டிலேயே மலையாளத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்த விண்ணப்பத்தை நீட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். பிறகு மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

“நல்லா எழுதியிருக்கு அங்கிள். பட்சே அம்மா இதில ஒப்பு போடண்டா.”

“ஒரு தப்பும் இல்லை. வேணும்னா வக்கீல்கிட்ட காட்டு.”

“தப்பு இருக்குன்னு சொல்லலை. அங்கிள் எழுதினதுல அம்மா ஒப்பு போடண்டா. அத்ரயே உள்ளு, அவ்ளோதான்.”

அவள் தாயும், “அவ சொல்றது சரி” என்றாள்.

மகளே எழுதினாள். அவள் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன், அறிவிப்பு எண், தீர்ப்பு எண், சர்வே எண். ஒவ்வொன்றையும் காகிதத்தில் காட்டச் சொல்லிச் சரிபார்த்த பிறகே எழுதினாள். என் வேலைக் காலத்தில் இவ்வளவு கவனமான ஒரு குமாஸ்தா எனக்கு வாய்க்கவில்லை. கடைசியில் முழுவதையும் தமிழில் தாய்க்குச் சொல்லிக்காட்டினாள். எங்கே புரியவில்லையோ அங்கே தாய் நிறுத்தச் சொன்னாள். நான் என் எழுத்தில் விட்டுவிட்ட ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கும் மனைக்கும் சேர்த்து நான் கேட்டிருந்தேன், கிணற்றைச் சேர்க்கவில்லை. கணவர் தோண்டிய கிணறு. முதல் மதிப்பீட்டில் அது இருக்கிறதா என்று பார்த்தோம், இருந்தது. “அப்ப அதையும் எழுது” என்றாள்.

தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு மறுநாளே மூவரும் காக்கநாடு போனோம். இன்னும் இருபது நாள் மிச்சம் இருந்தது. அதே அலுவலகம், எழுத்தர் வேறு. அவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, முன்பு ஆட்சேபம் எழுதாமல் பெற்றவர் கேட்க முடியாது என்றார். நான் வாயைத் திறக்குமுன் மகள் சட்டப்பிரிவின் அச்சுப்படியை எடுத்து வைத்தாள். வரிக்கு வரி விரல் வைத்து மலையாளத்தில் படித்தாள். எழுத்தர் உள்ளே போனார், வந்தார், முத்திரை குத்தினார்.

பதிவேட்டைத் திருப்பி வைத்து, “இவிடே ஒப்பிடூ சேச்சி” என்றார்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் தயாராக இல்லை.

“மேல ஏதாச்சும் எழுதணுமா அண்ணாச்சி?”

“இது விண்ணப்பம் குடுத்ததுக்கான பதிவு. எழுத வேண்டாம்” என்றேன். பிறகு, “மகளைப் படிச்சுப் பாக்கச் சொல்லு” என்றேன்.

மகள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தாள். “வேண்டாம்மா. போடு” என்றாள். அதன் பிறகே அவள் கையெழுத்துப் போட்டாள்.

விசாரணைக்கு அழைப்பு வர நாளானது. நானும் போனேன். படத்தின் அசல் பிரதியைக் கேட்டார்கள், கொடுத்தேன். ஏன் இந்தப் படத்தை எடுத்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். “இவர் மேல் புகார் கொடுக்க” என்றேன். அதிகாரி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

ஆணை போன மாதம் வந்துவிட்டது. எனக்குத் தீர்ப்பான மதிப்பே அவளுக்கும், கிணற்றோடு சேர்த்து. தொகை இன்னும் கைக்கு வரவில்லை, வரும். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் மனைவி இப்போது பஸ் ஏறிப் போய் முன்வாசல் வழியாகவே மாவு வாங்கி வருகிறாள். எனக்குச் செய்தி அவள் மூலம்தான் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை, என்னையும் வரச் சொன்னதாகச் சொன்னாள். போனேன். பள்ளுருத்தியிலேயே உள்ளடங்கிய ஒரு தெருவில் பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பேசி வைத்திருக்கிறார்கள். முன்னறையில் இரண்டு கிரைண்டரும் நிற்கும். பின்னால் கிணறு இருக்கிறது. மகள் பத்திரங்களைத் தரையில் பரப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். தாய் வீட்டைவிட வாசலைத்தான் அதிகம் பார்த்தாள். தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

ஹார்ன் சத்தம் கேட்டது. அதே பழைய அரிசி டெம்போ. ஓட்டுநர் என்னை அடையாளம் கண்டு, வண்டியை இன்னும் உள்ளே கொண்டுவரலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

“வா வா, அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு” என்று அவள் கையசைத்தாள். வண்டி வாசலுக்கு நேராக வந்து நின்றது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

“போன் வச்சிருக்கியளா அண்ணாச்சி?”

“இருக்கு.”

“எடுங்க ஒரு போட்டோ. வண்டியும் வாசலும் சேந்து தெரியணும். நாளப்பின்ன இதையும் எவனாவது நடவழின்னு சொல்லிக்கிட்டு வந்தா?”

எடுத்தேன். முதல் படத்தில் வண்டியும் வாசலும் மட்டும்தான் வந்தன. மகள் வந்து கைபேசியை எட்டிப் பார்த்து, தெருமுனையும் தெரிய வேண்டும், இன்னும் பின்னால் போங்கள் என்றாள். பின்னால் போய், இரண்டாவது எடுத்தேன்.